தலையில்லாத குதிரைவீரன்: ஸ்டாக்ஹோம் தங்கக் கூடமும் அதைச் செய்த பெர்லின் பட்டறையும்

ஸ்டாக்ஹோம் நகர மன்றக் கட்டடத்தின் தங்கக் கூடத்துக்குள் நுழைகிறவர் கண்ணில் முதலில் படுவது பொன் ஒன்றுதான். 44 மீட்டர் நீளமுள்ள அந்தக் கூடத்தின் சுவர்களை 1 கோடியே 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கண்ணாடிச் சில்லுகளும் பொற்சில்லுகளும் மூடியிருக்கின்றன. கண் சற்றுப் பழகிய பிறகே உருவங்கள் துலங்கும். கழுத்தை நிமிர்த்திச் சுவரின் மேல்விளிம்பைப் பார்க்கும்போது அங்கே ஒரு குதிரைவீரனுக்குத் தலை இல்லை என்பதும் தெரியவரும். குதிரை இருக்கிறது, உடல் இருக்கிறது, கழுத்துக்கு மேலே கூரை தொடங்கிவிடுகிறது. அந்த வீரன் ஸ்டாக்ஹோமின் காவல் புனிதரான எரிக். அந்நகரத்தின் இலச்சினையில் இருப்பதே முடிசூடிய அவருடைய தலைதான். ஒரு நகரம் தன் முத்திரையாக வைத்திருக்கும் தலை, அந்த நகரம் தன் மன்றக் கட்டடத்துக்கென்றே செய்வித்த சித்திரத்தில் விடுபட்டுப்போயிருக்கிறது.

கூடத்தைச் சுற்றிக் காட்டும் வழிகாட்டிகள் இதைச் சிரிப்போடு சொல்வது வழக்கம். எனக்கு அதில் தெரிவது தொழில் சார்ந்த ஒரு கேள்வி. ஓவியரும் கட்டடக் கலைஞரும் ஸ்டாக்ஹோமில் இருந்தார்கள். மொசைக்கைச் செய்த பட்டறை பால்டிக் கடலுக்கு அப்பால் பெர்லினில் இருந்தது. சுவரோ அப்போது கட்டி முடிந்தபாடில்லை. இந்த மூன்றையும் இணைத்தவை தாளில் எழுதிய சில அளவுகள் மட்டுமே. பொது இடங்களுக்குப் பெரிய மொசைக்குகளைச் செய்து கொடுக்கும் பட்டறைகள் 100 ஆண்டுகளுக்குப் பின்னும் ஏறக்குறைய இதே ஏற்பாட்டில்தான் வேலை செய்கின்றன என்பதால், இந்தப் பழைய ஒப்பந்தத்தை அதன் நடைமுறையோடு சேர்த்து விரிவாகப் பார்ப்பது பயனுள்ளது.

சொல்லைப் பற்றி ஒரு குறிப்பு. தமிழ்நாட்டில் மொசைக் என்றதும் நினைவுக்கு வருவது தரை: சலவைக்கல் துகள்களைச் சிமெண்டில் கலந்து கொட்டி, இறுகிய பிறகு இயந்திரத்தால் தேய்த்துப் பளபளப்பாக்கிய, வெயில் காலத்தில் வெறும் உடம்போடு படுத்துக்கொள்ளத் தோதான அந்தத் தரை. அதில் எந்தத் துகள் எங்கே விழும் என்பதை யாரும் தீர்மானிப்பதில்லை. இங்கே பேசப்படும் மொசைக்கில் ஒவ்வொரு சில்லையும் ஒருவர் தேர்ந்தெடுத்து, உடைத்து, அதற்குரிய இடத்தில் கையால் வைத்திருக்கிறார். செலவு, கால அளவு, பிழை ஆகிய மூன்றும் இந்த வேறுபாட்டிலிருந்தே பிறக்கின்றன.

மாற்ற முடியாத ஒரு தேதி

நகர மன்றக் கட்டடத்தின் வேலை 1911இல் தொடங்கியது. வடிவமைத்தவர் ராக்னர் ஓஸ்ட்பெர்க். திறப்பு நாளாகக் குறிக்கப்பட்டது 1923 ஜூன் 23, அதாவது நடுக்கோடை விழாவின் முந்தைய நாள். 1523ஆம் ஆண்டின் நடுக்கோடையில் ஸ்வீடன் அரசர் குஸ்தாவ் வாசா ஸ்டாக்ஹோமுக்குள் நுழைந்ததன் 400ஆம் ஆண்டு நிறைவையொட்டிய நாள் அது. நூற்றாண்டுக் கணக்கில் நிச்சயிக்கப்பட்ட நாளை, கண்ணாடிச் சில்லு வந்து சேரவில்லை என்று சொல்லி ஒரு மாதம் தள்ளிவைக்க முடியாது.

கூடத்தின் சித்திரங்களை வரையும் பொறுப்பு எய்னார் ஃபோர்செத் என்ற இளம் ஓவியருக்குக் கிடைத்தது. 1892இல் பிறந்த அவர், வேலை நடந்த காலத்தில் 30 வயதை ஒட்டி இருந்தார். மொசைக்கைச் செய்யக் கிடைத்த அவகாசம் 1921 முதல் 1923 வரை, சுமார் 2 ஆண்டுகள்.

ஓஸ்ட்பெர்க்கின் வேலைமுறையையும் இங்கே கணக்கில் கொள்ள வேண்டும். அதே கட்டடத்தில் நீலக் கூடம் என்று ஒன்று இருக்கிறது; அதில் நீலம் இல்லை. சுவர்களை நீலமாக்கும் எண்ணத்தோடுதான் தொடங்கினார். சுவர் எழும்பியபின் செங்கல்லின் சிவப்பு அவருக்குப் பிடித்துப்போகவே அதை அப்படியே விட்டுவிட்டார். பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. கட்டடம் எழ எழ அதைப் பார்த்து முடிவை மாற்றிக்கொள்வது பெரிய கட்டடக் கலைஞர்களிடம் காணும் குணம்தான். கொத்தனார் பக்கத்திலேயே இருக்கும்வரை அதனால் கெடுதல் இல்லை, செங்கல் வேலையில் நேற்றைய முடிவை இன்று காலை திருத்திவிடலாம். கடலுக்கு அப்பால், ஆறு மாதத்துக்கு முன் கொடுத்த அளவை வைத்துக்கொண்டு ஒரு பட்டறை சில்லு சில்லாக ஒட்டிக்கொண்டிருக்கும்போது அதே குணம் வேறு விளைவைத் தரும்.

சொந்த உலை வைத்திருந்த பட்டறை

வேலை சென்ற இடம் பெர்லினின் நொய்கொல்ன் பகுதியில் இருந்த புல் அண்டு வாக்னர் நிறுவனம். 1889இல், அப்பகுதி ரிக்ஸ்டார்ஃப் என்ற பெயரில் தனி ஊராக இருந்தபோது அது தொடங்கப்பட்டது. ஏன் தொடங்கப்பட்டது என்பதைப் புரிந்துகொள்ளப் பெர்லினின் வெற்றித் தூணைப் பார்த்தால் போதும். பிரான்சோடு நடந்த 1870–71 போருக்குப் பிறகு ஜெர்மானிய ஒற்றுமையைக் கொண்டாடும் சித்திரத்தை அந்தத் தூணின் அடிப்பகுதிக்கு வரைந்தவர் ஆன்டன் ஃபொன் வெர்னர் என்ற ஜெர்மானியர். அதை மொசைக்காகச் செய்ததோ வெனிஸ் நகரத்துச் சால்வியாட்டி நிறுவனம். தேசப் பெருமிதத்தைச் சொல்லும் சித்திரத்தையே வெளிநாட்டில் செய்து வாங்க வேண்டியிருந்த நிலைமையில், மொசைக் கண்ணாடியை ஜெர்மனியிலேயே உருக்கிக் காட்டுவது ஒரு தொழில் வாய்ப்பாகத் தெரிந்தது.

வண்ணக் கண்ணாடியை உருக்கும் உலையைத் தன்னிடமே வைத்திருப்பது பட்டறைக்குப் பெரிய பலம். உலோக ஆக்சைடுகளைக் கலந்து உருக்கிய குழம்பை அடைபோல் வட்டமாக ஊற்றி, மெல்ல ஆறவிட்டு, பிறகு கீற்றுகளாகவும் சில்லுகளாகவும் உடைக்கிறார்கள். ஒரு நீலம் ஓவியருக்கு ஒத்துவரவில்லை என்றால், உலை இல்லாத பட்டறை வெனிஸுக்குக் கடிதம் எழுதிக் காத்திருக்க வேண்டும். உலை உள்ள பட்டறை அடுத்த வாரமே இன்னொரு நீலத்தை மேசையில் வைத்துவிடும். புல் அண்டு வாக்னர் இந்த வசதியோடு பேரரசர் இரண்டாம் வில்ஹெல்மின் ஆதரவையும் பெற்றது. அவர் மொசைக்கின் மீது மோகம் கொண்டவர். 1895இல் பெர்லினில் திறக்கப்பட்ட கைசர் வில்ஹெல்ம் நினைவு ஆலயத்தின் மொசைக்குகள், வார்ட்புர்க் கோட்டையில் எலிசபெத் அறையின் மொசைக், ஆஹன் பேராலயத்தின் மொசைக் என்று அரச குடும்பத்தின் ரசனையை ஒட்டிய வேலைகள் தொடர்ந்து வந்தன.

பேரரசு 1918இல் வீழ்ந்தபோது அந்த ரசனையும் அதோடு போயிற்று. ஆனால் நிறுவனம் 1914இலேயே காட்ஃப்ரீட் ஹைனர்ஸ்டார்ஃபின் கண்ணாடி ஓவியப் பட்டறையோடு இணைந்திருந்தது. யான் டோர்ன் ப்ரிக்கர், சேசார் க்ளைன், மாக்ஸ் பெக்ஸ்டைன் போன்ற நவீன ஓவியர்களோடு பழகியவர் ஹைனர்ஸ்டார்ஃப். பைசாந்திய அரசியர் போல நேருக்கு நேர் பார்க்கும் உருவங்களையும் தடித்த கோடுகளையும் கலந்து வரைந்த ஃபோர்செத்தின் படங்களை, இது சரியில்லை என்று திருத்தாமல் அப்படியே கண்ணாடிக்கு மாற்ற முடிந்ததில் இந்தப் பழக்கத்துக்கும் பங்கு இருக்கும் என்று நினைக்கிறேன்.

முகம் கீழே

இத்தாலியின் ரவென்னா நகரத்துப் பழைய மொசைக்குகளைச் செய்தவர்கள் சாரத்தில் நின்றுகொண்டு ஈரச் சாந்தில் ஒவ்வொரு சில்லாக நேரடியாகப் பதித்தார்கள். செய்கிறவருக்குத் தான் செய்வது கண்முன்னே தெரியும். சில்லைச் சற்றுச் சாய்த்து வைத்து வெளிச்சத்தை விளையாடவிடவும் முடியும். ஆனால் சாந்து காய்வதற்குள் முடிக்க வேண்டும், தேர்ந்த கைகள் அத்தனையும் சுவருக்கு வந்தாக வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் ஃபிரியூலி பகுதியைச் சேர்ந்த ஜியான்டொமெனிகோ ஃபக்கீனாவும் வெனிஸின் சால்வியாட்டியும் பெருக்கிய முறை இதைத் தலைகீழாக்கியது. பாரிஸ் ஓபரா மாளிகையின் மொசைக்குகள் ஃபக்கீனாவின் கையால் அமைந்தவை. பெர்லின் பட்டறை தன் பெரிய வேலைகளைச் செய்ததும் இந்த மறைமுக முறையில்தான்.

ஓவியர் தரும் சிறிய வண்ணப் படத்தைப் பட்டறை முதலில் சுவரின் முழு அளவுக்குப் பெரிதாக்குகிறது. பிறகு அதன் கோடுகளை இடவலம் மாற்றி உறுதியான தாளில் படியெடுக்கிறார்கள். எழுத்துகள் இருந்தால் அவையும் கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பியே இருக்கும். அந்தத் தாளை ஒரு ஆள் தூக்கக்கூடிய துண்டுகளாக வெட்டுகிறார்கள். நேர்கோட்டில் வெட்டினால் சுவரில் இணைப்பு பளிச்சென்று காட்டிக்கொடுத்துவிடும் என்பதால், உடையின் மடிப்பு, கையின் விளிம்பு, மரத்தின் கிளை என்று படத்திலுள்ள கோடுகளை ஒட்டியே கத்தரி போகும். ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் எண். அதே எண் மூலப்படத்திலும் இருக்கும்.

பதிப்பவர் மேசையில் அமர்ந்திருக்கிறார். அவருக்குப் பக்கத்தில் ஒரு மரக்கட்டையில் உளிமுனை மேல்நோக்கிச் செருகப்பட்டிருக்கிறது. கண்ணாடிக் கீற்றை அந்த முனையில் வைத்து, இருபுறமும் கூரான சிறு சுத்தியால் ஒரு தட்டு. கீற்று தேவையான இடத்தில் பிளக்கிறது. தாளில் நீரில் கரையும் பசையைத் தடவி, சில்லை முகம் கீழாக ஒட்டுகிறார். சில்லுகள் ஒரே தடிமனில் இருப்பதில்லை என்பதால் பின்புறம் மேடும் பள்ளமுமாக நிற்கும். அந்தக் கரடு பின்னால் சாந்தைப் பற்றிக்கொள்ள உதவும். வண்ணக் கண்ணாடியில் சிக்கல் இல்லை, உள்ளும் புறமும் ஒரே நிறம்.

பொற்சில்லுக்கு மட்டும் முகம் உண்டு. ஒரு தடித்த கண்ணாடியின் மேல் தங்கத் தகடு, அதற்கும் மேல் மிக மெல்லிய இன்னொரு கண்ணாடி, மூன்றையும் உலையில் ஒன்றாக இளக்கிச் செய்வது அது. மெல்லிய பக்கம்தான் முகம். அதைத் தாளோடு சேர்த்து ஒட்டிவிட்டால், பதிப்பவருக்குத் தெரிவது தடித்த முதுகுக் கண்ணாடியின் வழியே மங்கித் தெரியும் தங்கம். தங்கக் கூடத்தின் பின்னணி ஏறக்குறைய முழுவதும் பொன். ஆகவே, மாதக்கணக்கில் அந்த மேசைகளில் குனிந்திருந்தவர்கள் தாங்கள் செய்த பொன்னொளியை ஒரு நாளும் நேரில் பார்க்கவில்லை. அது தாளின் மறுபுறத்தில், ஸ்டாக்ஹோமுக்குப் போகும் பெட்டிக்குள் இருந்தது.

சுவரில் வேலை வேகமாக நடக்கும். கரடான அடிப்பூச்சின் மேல் சாந்தைப் பூசி, எண்ணைப் பார்த்துத் துண்டை எடுத்து, தாள் வெளிப்பக்கம் இருக்கும்படி அழுத்தி, மரப்பலகையால் சீராகத் தட்டுகிறார்கள். பிறகு தாளை நனைத்து, பசை இளகும்வரை பொறுத்து, ஓரத்திலிருந்து மெல்ல உரிக்கிறார்கள். படத்தின் முகம் உலகத்துக்குத் தெரிவது அந்தக் கணத்தில்தான். சில்லு ஒன்று விழுந்திருந்தால் மாற்றலாம், இணைப்பில் இடைவெளி தெரிந்தால் நிரப்பலாம். உருவம் இரண்டு சாண் இடம் தவறி நிற்கிறது என்றால் செய்வதற்கு ஒன்றுமில்லை.

நொடிக்கு ஒரு சில்லு

1 கோடியே 80 லட்சம் என்ற எண்ணைச் சற்று உடைத்துப் பார்ப்போம். ஆண்டுக்கு 300 வேலை நாள், நாளுக்கு 8 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் 2 ஆண்டுகளில் 4,800 மணி நேரம், அதாவது 1 கோடியே 72 லட்சத்து 80 ஆயிரம் நொடிகள். ஆக, முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை பட்டறையில் நொடிக்கு ஒன்றுக்கும் சற்று அதிகமான சில்லுகள் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். வண்ணம் தேர்ந்து, உடைத்து, ஒட்ட ஒருவருக்குச் சராசரியாக 20 நொடி ஆகும் என்று கொண்டால், 20 பேருக்கு மேல் கை ஓயாமல் உட்கார்ந்திருந்தாக வேண்டும். உலையில் நின்றவர்கள், கீற்று வெட்டியவர்கள், படியெடுத்தவர்கள், பெட்டி கட்டியவர்கள் எல்லாம் இதற்கு வெளியே. வரைவதற்கும் அளவு எடுப்பதற்கும் சுவரில் பதிப்பதற்கும் ஆகும் மாதங்களையும் அந்த 2 ஆண்டுகளிலிருந்தே கழிக்க வேண்டும் என்பதால், உண்மையான வேகம் இதைவிடக் கூடுதலாகவே இருந்திருக்கும்.

இத்தகைய எண்களை யாரும் ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்வதில்லை என்பதையும் நினைவில் கொள்ளலாம். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் பேராலயத்தில் 83,000 சதுர அடி மொசைக்கில் 4 கோடியே 15 லட்சம் சில்லுகள் இருப்பதாகச் சொல்வார்கள். வகுத்தால் சதுர அடிக்குப் பிசிறில்லாமல் 500 வருகிறது. பரப்பை அளந்து பெருக்கிய கணக்கு என்பது அதிலேயே தெரிகிறது. தங்கக் கூடத்தின் எண்ணும் அப்படிப்பட்டதாகவே இருக்க வேண்டும். ஆனாலும் வேலையின் பருமனை உணர அது போதும்.

பொன் பின்னணியின் இன்னொரு பயனும் இந்தக் கணக்கில்தான் புலப்படுகிறது. ஒரு முகத்தின் கன்னத்தை அமைக்கச் சில்லுக்குச் சில்லு நிறம் மாற வேண்டும். பின்னணிக்குச் சதுரச் சில்லுகளை வரிசையாக வைத்துக்கொண்டே போகலாம், புதிதாகச் சேர்ந்தவர்களையும் அதில் அமர்த்தலாம். பொருளில் விலை கூடினாலும் கூலியில் மிச்சமாகும் பகுதி அது. தேர்ந்த கைகள் ராணிகளையும் வீரர்களையும் அமைக்க, மற்றவர்கள் அவர்களைச் சுற்றிப் பொன்னை நிரப்பினால்தான் 2 ஆண்டுகளில் இந்த அளவு வேலை முடியும்.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜெர்மனியின் மார்க் அந்த ஆண்டுகளில் சரிந்துகொண்டே போய், 1923 நவம்பரில் ஒரு டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க் என்ற நிலையை அடைந்தது. போரில் சேராத ஸ்வீடனின் நாணயத்தைக் கையில் வைத்திருந்தவர்களுக்குப் பெர்லினில் கூலியும் பொருளும் மலிவு. பெர்லின் பட்டறைக்கோ வெளிநாட்டு நாணயத்தில் வரும் ஒப்பந்தம் உயிர்மூச்சு. நிலையான காலத்தில் ஒரு நகராட்சி இத்தனை பெரிய பரப்பை முழுவதும் பொன்னால் மூடத் துணிந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகமே.

சுவரோர இருக்கைகள்

இனி தலைக்கு வருவோம். வழிகாட்டிகள் சொல்லும் விளக்கம் இது: கூடத்தின் சுவர் ஓரமாக இருக்கைகள் வரும் என்பது படத்துக்கான கணக்கில் சேரவில்லை, இருக்கைகள் வந்ததும் சித்திரம் தொடங்கும் கோடு மேலே நகர்ந்தது, மேலே இடம் குறைந்தது. வேடிக்கையாக இன்னொன்றும் சேர்த்துச் சொல்வார்கள்: அரசர் எரிக் 1160இல் உப்சாலாவில் தலை வெட்டப்பட்டு இறந்ததாகத்தானே மரபு, ஆகவே தலையில்லாமல் இருப்பதில் வரலாற்றுப் பிழை ஒன்றும் இல்லை.

தொழில்முறைப்படி பார்த்தால் பிழை மேலே போய் முடிந்ததற்குக் காரணம் தெளிவானது. ஈரச் சாந்தில் கனமான துண்டுகளைப் பொதுவாகக் கீழிருந்து மேலே அடுக்கிப் பதிப்பார்கள். கீழ்வரிசை மேல்வரிசையைத் தாங்கும். தொடங்கும் கோடு எவ்வளவு உயர்கிறதோ அவ்வளவும் ஒன்று விடாமல் மேல்விளிம்பில் போய்ச் சேரும். சேலையின் கொசுவத்தில் இரண்டு மடிப்பு கூடினால் முந்தானை குட்டையாகிவிடுவதுபோல. ஒவ்வொரு துண்டும் தன் பக்கத்துத் துண்டோடு கோடு கோடாகப் பொருந்தும்படி வெட்டப்பட்டிருப்பதால், நடுவில் எங்காவது சிறிது சிறிதாகக் குறைத்துச் சரிக்கட்டவும் வழியில்லை. பொன் பின்னணியில் ஒரு வரிசையை எடுத்துவிடலாம். அதே மட்டத்தில் பக்கத்தில் ஓர் உருவத்தின் இடுப்பு போய்க்கொண்டிருந்தால் அதையும் அறுக்க வேண்டும்.

அப்போது எஞ்சிய வழிகள் மூன்று. கீழ்ப்பகுதியை வெட்டிவிட்டுத் தொடங்கலாம். அப்படிச் செய்தால் பார்வையாளர் கண்மட்டத்துக்கு அருகே இருப்பவை சிதையும். மேல்பகுதியைப் பெர்லினில் சிறிய அளவில் மறுபடி செய்விக்கலாம். அதற்கு மாதங்கள் வேண்டும், நடுக்கோடை காத்திருக்காது. அல்லது மேலே வருவதைக் கூரை வெட்டட்டும் என்று விட்டுவிடலாம். அவர்கள் மூன்றாவதைத் தேர்ந்தார்கள். அவசரத்தில் எடுத்த முடிவாக இருந்தாலும் அதுவே சரி என்பது என் எண்ணம்; அவ்வளவு உயரத்தில் ஒரு தலை போவது, கண்ணெதிரே பல பாதங்கள் போவதைவிட மேல்.

யார் பிழை என்று கேட்டால் விடை எளிதில்லை. பட்டறை தனக்குக் கொடுத்த அளவுக்குச் சரியாகச் செய்தது. ஓவியர் தனக்குக் காட்டிய சுவருக்கு வரைந்தார். கட்டடக் கலைஞருக்குக் கூடத்தில் இருக்கை வைக்க எல்லா உரிமையும் உண்டு. சுவரின் இன்றைய அளவும் மேசையில் இருக்கும் தாளின் அளவும் ஒன்றா என்று வாரம் ஒரு முறை ஒப்பிட்டுப் பார்ப்பதை மட்டும் யாருடைய வேலையாகவும் யாரும் வைக்கவில்லை. நம் ஊரில் வீடு கட்டும்போது மின்பொத்தான் பலகைக்கு நேராகக் கதவு திறப்பதும் இதே வகையைச் சேர்ந்ததுதான்.

திறப்பு விழாவில் கூச்சல் கிளம்பியது இந்தத் தலைக்காக அல்ல. கூடத்தின் கோடிச் சுவரில், நகரத்தை ஒட்டிய மேலைரன் ஏரியின் அரசியாக ஸ்டாக்ஹோம் வீற்றிருக்கிறாள். ஒருபுறம் மேற்குலகமும் மறுபுறம் கீழையுலகமும் அவளை நோக்கி வருகின்றன, மேற்கிலிருந்து ஈஃபில் கோபுரமும் சுதந்திர தேவி சிலையும் வந்திருக்கின்றன. அவளுடைய அகன்ற கண்களும் பாம்புபோல் நெளியும் கூந்தலும் பெரிய கைகால்களும் ஊராருக்குப் பிடிக்கவில்லை. அந்த எதிர்ப்பு காலப்போக்கில் அடங்கியது. நோபல் விருந்து 1973 வரை அவள் முன்னிலையில்தான் நடந்தது. விருந்தினர் பெருகியதால் அதன்பின் நீலக் கூடத்துக்கு மாறியது. விருந்து முடிந்து நடனமாட இன்றும் தங்கக் கூடத்துக்கே வருகிறார்கள்.

பட்டறையின் பிற்காலம்

ஸ்டாக்ஹோம் வேலை முடிந்த காலத்திலேயே நிறுவனத்தின் கவனம் அமெரிக்கா பக்கம் திரும்பியது. அங்கே பால் ஹைடுக் நடத்திய ரவென்னா மொசைக் நிறுவனம் பெர்லின் பட்டறையோடு தொடர்புடையது. மேலே சொன்ன செயின்ட் லூயிஸ் பேராலயத்தின் மொசைக் வேலையில் பெரும்பகுதி அதன் கையால் நடந்தது. அந்தப் பேராலயத்தின் மொசைக் 1988இல்தான் முழுமையடைந்தது.

பெர்லினில் நடந்தவற்றை அவ்வளவு நிம்மதியாகச் சொல்ல முடியாது. யூத வம்சாவளி காரணமாக ஹைனர்ஸ்டார்ஃப் நாஜி ஆட்சியில் வெளியேற்றப்பட்டார். பட்டறை தொடர்ந்து இயங்கியது. 1939இல் ஹிட்லரின் புதிய தலைமை அமைச்சகக் கட்டடத்தில் ஹெர்மன் காஸ்பர் வடிவமைத்த மொசைக் கூடத்தைச் செய்து கொடுத்தது. 10 ஆண்டுகள் கழித்து, அதே பெர்லினில் ட்ரெப்டோ பூங்காவில் வீழ்ந்த சோவியத் வீரர்களுக்கு எழுப்பிய நினைவிடத்தின் மொசைக்கையும் அதே பட்டறைதான் செய்தது. பேரரசர், ஸ்வீடன் நகராட்சி, நாஜி அரசு, சோவியத் படை என்று நான்கு வகை வாடிக்கையாளர்கள். உலையும் சுத்தியும் யாருக்காக என்று கேட்பதில்லை. பட்டறையை நடத்துகிறவர்கள் கேட்டிருக்கலாம். நிறுவனம் 1969இல் மூடப்பட்டு, அதன் ஆலைக் கட்டடம் பின்னர் இடிக்கப்பட்டது. படங்களும் ஆவணங்களும் பெர்லினிஷே கேலரி அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

அந்த வேலைமுறை மறையவில்லை. நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்துச் சுரங்க ரயில் நிலையத்தில், நிக் கேவ் என்ற கலைஞரின் ஒலியுடை (அசைந்தால் ஒலியெழுப்பும் உடை) உருவங்களைக் கொண்டு 2022இல் நிறைவுபெற்ற மொசைக் 4,600 சதுர அடி பரப்புள்ளது. அதைச் செய்தது, 1847இல் தொடங்கிய மியூனிக்கின் மேயர் பட்டறை. கலைஞர் அமெரிக்காவில், மேசை ஜெர்மனியில், சுவர் கடலுக்கு அப்பால் என்ற ஏற்பாடு அப்படியே இருக்கிறது. கணினியில் படத்தைப் பெரிதாக்கலாம், லேசர் கருவியால் சுவரை நொடியில் அளக்கலாம். சில்லை இன்னும் ஒரு கை உடைத்து வைக்கிறது. சுரங்க ரயில் நிலையச் சுவரில் குழாயும் கம்பியும் அறிவிப்புப் பலகையும் எங்கே வரும் என்பது கடைசி வாரம்வரை மாறிக்கொண்டிருக்கும் என்பதை அங்கே வேலை பார்த்த எவரும் சொல்வார்கள்.

ஃபோர்செத் நீண்ட காலம் வாழ்ந்து 1988இல் மறைந்தார். போரில் குண்டுவீச்சால் அழிந்து, மறுபடி கட்டப்பட்டு 1962இல் திறக்கப்பட்ட இங்கிலாந்தின் கவென்ட்ரி பேராலயத்துக்கு ஸ்வீடன் மக்கள் ஒரு மொசைக்கைப் பரிசளித்தபோது, அதை வடிவமைத்தவர் அவர்தான். ஒற்றுமைச் சிற்றாலயம் என்ற பகுதியில் அது இருக்கிறது. இந்த முறை அவருக்குக் கிடைத்தது சுவர் அல்ல, தரை.